கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் இருந்து எழுத மாட்டான்: ஏ.டி.எச்.டி (கவனக் குறைவு, துடிதுடிப்பு) என்கிறார்கள், என்ன செய்வது?

வெள்ளவத்தை_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் தரம் 4 படிக்கிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. வாயால் கேட்டால் எந்தக் கணக்குக்கும் விடை வரும். கொப்பியைத் திறந்தால்தான் பிரச்சினை.

நேற்றைய கணக்குக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் மூன்று கணக்கும் வடிவான எழுத்து, சரியான விடை. நான்காவதில் 6ஐ 9 என்று பார்த்து எழுதியிருக்கிறான். ஐந்தாவதில் கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறான். ஆறாவது பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு பஸ் படம். அதன் பலகையில் 100, பாணந்துறை, புறக்கோட்டை என்று ஒவ்வோர் எழுத்தும் திருத்தமாக இருக்கிறது.

காலையில் ஸ்கூல் வான் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிக்கும்போது ஒரு காலில்தான் சப்பாத்து இருக்கும். மற்றதை எடுக்கப் போனவன் வழியில் வேறு எதிலோ நின்றுவிடுவான். வகுப்பாசிரியை வைத்தியரிடம் காட்டச் சொன்னார். மாமி, "ஆம்பிளைப் பிள்ளை குழப்படி செய்யாமல் என்ன செய்யும், இவனுடைய அப்பாவும் இப்படித்தான் இருந்தான்" என்கிறார். கணவர் போனைப் பறித்தால் எல்லாம் சரியாகும் என்கிறார். ஒரு தனியார் கிளினிக்கில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள். நான் இன்னும் வாங்கவில்லை.

இப்படித்தான் பார்ப்பார்களா? அந்தக் குளிசை பயமில்லையா? வீட்டில் நான் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்

தங்கச்சி, நான் ஆரம்பப் பிரிவில் நீண்ட காலமாகப் படிப்பிக்கிறேன். வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் நீங்கள் கொப்பியைப் பற்றி எழுதியது எனக்கு நிறையச் சொல்கிறது. முதல் மூன்றும் சரி என்றால் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். தெரிந்ததைப் பக்கத்தின் கடைசிவரை கொண்டுபோகத்தான் முடியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இப்படியான பிள்ளைகளுக்கு இவ்வளவு ஏச்சு விழுகிறது. "தெரியும்தானே, பிறகு ஏன் செய்யவில்லை?" என்று கேட்கிறோம். பிள்ளையிடம் அதற்குப் பதில் கிடையாது. பஞ்சி பிடித்தவன் என்று பெயர் வைத்துவிடுகிறோம், அவனும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறான்.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். பக்கத்தை மடித்து, ஐந்து கணக்கு மட்டும் கண்ணில் படும்படி வைப்பேன். ஐந்து முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வரவேண்டும். எழும்பி நடப்பதற்கு அவனுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது. அங்கேயே சரி போட்டு, அடுத்த ஐந்துக்கு அனுப்புவேன். யன்னல் பக்கம் இருத்த மாட்டேன். முன்வரிசையில், என் கை எட்டும் தூரத்தில் இருப்பான். கவனம் வேறு எங்காவது போனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேசையில் விரலால் ஒரு தட்டு. பெயரைச் சொன்னால் நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவன் கணக்கையா நினைப்பான்?

இன்னொன்று நாள் அட்டை. ஒரு சின்ன மட்டையில் இரண்டே இரண்டு விஷயம்: "ஐந்து கணக்கு முடித்தேன்", "கை உயர்த்திக் கேட்டேன்". ஒவ்வொரு பாடமும் முடிய ரீச்சர் சரி போடுவார். அன்று பின்னேரமே வீட்டில் அதற்கு ஏதாவது கிடைக்கவேண்டும். கீழே போய்க் கூடுதலாகக் கொஞ்ச நேரம் கிரிக்கெட் அடிப்பதே போதும். தவணை முடிவில் சைக்கிள் என்று சொன்னால் இவர்களுக்கு அது எடுபடாது, அவ்வளவு தூரத்தில் இருக்கும் பரிசு இன்றைய ஆறாவது கணக்குக்கு உதவாது. உங்கள் வகுப்பாசிரியை தானாகவே சொல்லியிருக்கிறார் என்றால் நல்ல மனுஷி. அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி_மாமா

ஒரு மாற்றுக் கருத்து, தவறாக எடுக்கவேண்டாம். எங்கள் காலத்தில் வீடு நிறையப் பிள்ளைகள். எல்லாரும் துள்ளினோம், அடியும் வாங்கினோம், வளர்ந்தோம். யாருக்கும் இந்த வருத்தம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இப்போது பிள்ளை தொடர்மாடியில் ஆறாம் மாடியில் வளர்கிறது. ஓட முற்றம் இல்லை, கையில் போன். அந்தப் பிள்ளை துள்ளாமல் என்ன செய்யும்? மருந்துக் கம்பனிகள் விற்பதற்கு ஒரு பெயரைக் கண்டுபிடித்திருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் மூளைக்கு மருந்து கொடுப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அக்கறையில்தான் சொல்கிறேன், மகள்.

உளவளத்துணை_பொரளை

மாமா, பயம் நியாயமானது. பிள்ளைக்கு ஓட இடம் வேண்டும் என்பதில் நூறு வீதம் உங்கள் பக்கம். ஆனால் கம்பனிகள் கண்டுபிடித்த பெயர் என்பது பொருந்தவில்லை. 1798இலேயே ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன், எதிலும் மனத்தை நிறுத்த முடியாத நிலையைப் பற்றித் தன் நூலில் எழுதினார். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், அறிவில் குறை இல்லாமலே தங்களைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். இன்று அதிகம் கொடுக்கப்படும் மெதைல்பெனிடேட் என்ற மருந்தை ஆய்வுகூடத்தில் முதலில் செய்ததே 1944இல்தான். மருந்து வர முன்னரே இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் ஊர்களிலும் இருந்தார்கள், படிப்பு ஏறவில்லை என்று இடையில் நிறுத்திக் கடையிலோ தோட்டத்திலோ விட்டுவிட்டோம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பத்து நிமிடத்தில் இதை முடிவு செய்ய முடியாது. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது, விசாரித்துத்தான் அறியவேண்டும். அமெரிக்க உளநல வைத்தியர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு சொல்லும் அளவுகோலை இங்கேயும் பார்க்கிறார்கள். கவனக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துடிதுடிப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது. பிள்ளைகளில் ஏதாவது ஒரு பக்கத்தில் குறைந்தது ஆறு அறிகுறி இருக்கவேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். வீட்டில் மட்டும் அல்லது பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றால் போதாது, இரண்டிலும் தெரியவேண்டும். அதனால்தான் ரீச்சரிடமிருந்து எழுத்தில் விபரம் கேட்பார்கள். ரீச்சரின் விபரம் இல்லாமல் முடிவு சொன்ன இடத்தை நான் நம்பமாட்டேன்.

வேறு காரணங்களையும் முதலில் தட்டிப் பார்க்கவேண்டும். கண், காது. இரவில் குறட்டை விட்டு நித்திரை கெடும் பிள்ளை. இரும்புச் சத்துக் குறைவு. வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளை பக்கத்தைப் பார்க்கவே விரும்பாது. வலிப்பில் ஒரு வகை உண்டு, பிள்ளை சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும், அதைக் கனவு காண்கிறது என்று நினைப்போம். வீட்டில் சண்டை, சாவு, இடமாற்றம் நடந்திருந்தாலும் பிள்ளையின் மனம் பாடத்தில் நிற்காது. கொழும்பில் நான் அடிக்கடி காண்பது இன்னொன்று: வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளையை ஆங்கில மொழிமூலத்தில் விட்டிருப்பார்கள். பாடம் விளங்காத பிள்ளையும் யன்னலைத்தான் பார்க்கும்.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். இங்கே ஜனவரி 31இல் ஐந்து வயது முடிந்திருந்தால் தரம் 1இல் சேர்க்கிறோம். ஜனவரியில் பிறந்த பிள்ளை, முந்திய பெப்ரவரியில் பிறந்த பிள்ளையோடு ஒரே வாங்கில் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. வகுப்பில் ஆக இளைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் கூடுதலாக விழுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உங்கள் மாமி சொன்னதை ஒதுக்கவேண்டாம். "அப்பாவும் இப்படித்தான்" என்பது உண்மையாக இருந்தால் அது ஒரு முக்கியமான தடயம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதன் பரம்பரைப் பங்கு 70 முதல் 80 வீதம் வரை வருகிறது. வளர்ப்புப் பிழை என்று உங்களை யாராவது ஏசினால் இதைச் சொல்லுங்கள்.

மருதானை_வாப்பா

சகோதரி, உங்கள் மகன் துள்ளுவதால் ஒரு ரீச்சர் கண்டுவிட்டார். என் மகள் துள்ளவில்லை. மிகவும் சாந்தமான பிள்ளை, யாருக்கும் தொந்தரவு இல்லை, ஒவ்வொரு தவணையும் நல்ல பிள்ளை என்றுதான் சொன்னார்கள். ஆனால் புத்தகத்தில் ஒரே பக்கத்தை விரித்தபடி அரை மணித்தியாலம் இருப்பாள். கேட்டால் முதல் வரியும் நினைவில்லை. தரம் 8 வந்ததும் பாடங்கள் கூடி, கணித நாளில் காலையிலேயே அழத் தொடங்கினாள். பயம், பதற்றம் என்று நினைத்துத்தான் பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே நிதானமாக விசாரித்த வைத்தியர்தான் இது கவனக் குறைவு மட்டும் உள்ள வகை என்றார். பதற்றம் அதன் மேல் வளர்ந்தது.

குர்ஆன் மதரசாவில் மனனம் செய்வதில் இவள் முதல் ஆள். அங்கே சத்தமாக ஓதலாம், உடம்பை ஆட்டலாம், உஸ்தாத் முன்னால் உடனே ஒப்புவிக்கலாம். அதே வழியை வீட்டுப் பாடத்துக்கும் எடுத்தோம். வரலாற்றை நடந்தபடி சத்தமாகப் படிப்பாள், ஒரு பந்தி முடிய உம்மாவிடம் சொல்வாள். பெண் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் அமைதியை மட்டும் பார்த்து ஆறுதல் அடையவேண்டாம்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்

வாப்பா சொன்னது மிகச் சரி. வகுப்பில் முறைப்பாடு வராத பிள்ளை எங்கள் கண்ணில் படுவதில்லை. பெண் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் தவறிப்போகிறார்கள்.

வெள்ளவத்தை_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகன் பிறந்தது ஜனவரி 19! இதை யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை. குளிசையைப் பற்றி யாராவது விளக்குவீர்களா? இனிப்பு, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியும் ஒருவர் சொன்னார்.

நெறியாளர்

மருந்தைப் பற்றிப் பொதுவாகப் பேசலாம். அளவு எவ்வளவு என்று யாரும் இங்கே எழுதவேண்டாம். அதை வைத்தியர் மட்டுமே சொல்லவேண்டும்.

மருந்தாளர்_வத்தளை

நெறியாளர் சொன்னதை மதித்து எழுதுகிறேன்.

மெதைல்பெனிடேட் மூளையில் டோபமைன், நோர்அட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. கிட்டத்தட்ட அரை மணித்தியாலத்தில் வேலை செய்யத் தொடங்கும். சாதாரணக் குளிசை மூன்று நான்கு மணித்தியாலம் நிற்கும், மெதுவாகக் கரையும் வகை பள்ளிக்கூட நேரம் முழுவதும் நிற்கும். அதன் பிறகு உடம்பை விட்டுப் போய்விடும். வருத்தத்தை அடியோடு மாற்றாது. அந்த நேரத்தில் பிள்ளை முயற்சி செய்தால் முயற்சி பலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவு" பல பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

பக்க விளைவில் முதலாவது பசி குறைவது. அதனால் காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் குளிசை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வரலாம். பின்னேரம் பசி திரும்பும், அப்போது வடிவாகச் சோறு கொடுங்கள். பிந்திக் கொடுத்தால் நித்திரை குழம்பும். உயரம், நிறை, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கவேண்டும். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இதயக் கோளாறால் இறந்திருந்தால் தொடங்கு முன்பே சொல்லவேண்டும். இவை ஒன்றையும் கேட்காமல் எழுதிய துண்டை நீங்கள் வாங்காமல் வைத்திருப்பது நல்லது. இன்னொரு முக்கியமான விஷயம்: குளிசை போட்ட பிள்ளை சிரிப்பில்லாமல், கதையில்லாமல், பொம்மைபோல் இருந்தால் "அடங்கிவிட்டான்" என்று சந்தோஷப்படாதீர்கள். அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சரியாகப் பார்த்துக் கொடுத்தால் பலன் உண்டு. அமெரிக்காவில் 7 முதல் 9 வயதான 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. கவனக் குறைவிலும் துடிதுடிப்பிலும், கவனமாகக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் மூன்று வருடத்தின் பின் குழுக்களுக்கிடையில் வித்தியாசம் மறைந்துவிட்டது. தொடக்கத்தில் இருந்த நெருக்கமான கண்காணிப்பு பிறகு இல்லை. குளிசையைத் தொடங்கிவிட்டுக் கிளினிக்கை மறந்தால் பயனில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இனிப்பைப் பற்றி: சீனி துடிதுடிப்பைக் கூட்டுவதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1994இல் ஓர் ஆய்வில், சீனியே இல்லாத பானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மாரிடம் அதிகச் சீனி கொடுத்திருக்கிறோம் என்றார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை கூடுதலாகத் துள்ளுகிறது என்று சொன்னார்கள். பல்லுக்காகக் குறையுங்கள், இதற்காக அல்ல. மூளை டொனிக், ஞாபகசக்தி மருந்து என்று கடையில் விற்பவைக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஒமேகா 3க்கு ஆய்வுகளில் கிடைத்த பலன் மிகச் சிறியது. வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள், இதற்கு மருந்தாக எண்ணவேண்டாம்.

2022இல் நாடு பட்ட மருந்துத் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்த மருந்தானாலும் தீர்வதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவையுங்கள். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் துண்டு இல்லாமல் எங்களிடம் கேட்டு வராதீர்கள், தரமுடியாது.

வத்தளை_தாய்

என் மகளுக்கு நான்கு வயது. முன்பள்ளி ரீச்சர் ஏ.டி.எச்.டி போல என்கிறார். குளிசை கேட்கவா?

உளவளத்துணை_பொரளை

அவசரம் வேண்டாம் அக்கா. நான்கு வயதுப் பிள்ளை ஒரு இடத்தில் நிற்காதுதான். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் 2019 வழிகாட்டி ஆறு வயதுக்குக் கீழே முதலில் சொல்வது பெற்றோருக்கான பயிற்சியைத்தான். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, நல்லதைக் கண்ட உடனே பாராட்டு, ஒழுங்கான நித்திரை நேரம், ஏச்சைக் குறைப்பது. பேச்சும் கேட்டலும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வத்தளையில் இருந்து உங்களுக்கு ராகம கிட்ட. அங்கே அயதி நிலையம் இருக்கிறது, களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது. வளர்ச்சியில் சந்தேகம் உள்ள பிள்ளைகளை அங்கே பார்க்கிறார்கள்.

தெஹிவளை_ரயில்பயணி

பெரியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் வருகிறேன். எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. மென்பொருள் துறையில் வேலை. கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு அங்கே இதைக் கண்டுபிடித்தார்கள். அவள் போனில் தன் கதையைச் சொல்லச் சொல்ல என் கதையைக் கேட்பதுபோல் இருந்தது.

உளநல வைத்தியர் முதலில் கேட்டது என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளைத்தான். பெரியவர்களிலும் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும், நடுவயதில் புதிதாக வருவதில்லை. அம்மா எல்லாவற்றையும் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். தரம் 3இல் இருந்து ஒரே வசனம், வேறு வேறு கையெழுத்தில்: "திறமை உண்டு. கவனம் போதாது." வைத்தியர் தைரொயிட் பரிசோதனை செய்வித்தார், நித்திரை, மனச்சோர்வு, குடிப் பழக்கம் எல்லாம் கேட்டார். 17 வயதில் இருந்து ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறி போதும் என்றும் விளக்கினார்.

வளர்ந்தவர்களில் துள்ளல் வெளியே தெரியாது. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் இருக்கும்போது எழும்பிப் போகவேண்டும்போல் இருக்கும். மின்னஞ்சலைத் திறக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் திறக்கவே முடியாமல் நாள் கணக்கில் போகும். அதே ஆள் பிடித்த வேலையில் இறங்கினால் சாப்பாடு மறந்து இரவு முழுக்க இருப்பான். இதைப் பார்க்கும் வீட்டார் "மனம் வைத்தால் முடியும்தானே" என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி பல வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான்: இது அறிவுக் குறை அல்ல, அறிந்ததைச் செய்யவேண்டிய இடத்தில், செய்யவேண்டிய நேரத்தில் செய்ய முடியாத குறை. ரீச்சர் கொப்பியை மடிப்பதும் அதற்குத்தான். உதவி அந்த இடத்திலேயே இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொடுத்த புத்திமதி செவ்வாய்க்கிழமை காலையில் கைக்கு வராது.

எனக்கு உதவுபவை எல்லாம் தலைக்கு வெளியேதான் இருக்கின்றன. வீட்டுத் திறப்பு கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியில், வேறு எங்கும் வைப்பதில்லை. கரண்ட் பில், தண்ணி பில், வாடகை எல்லாம் சம்பளம் விழுந்த அடுத்த நாள் வங்கியில் இருந்து தானாகப் போகும். கோட்டைக்குப் போகும் ரயிலுக்கு அலாரத்தில் நேரம் மட்டும் இருந்தால் போதாது, செய்யவேண்டியதும் எழுதியிருக்கவேண்டும்: "சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வை", பிறகு "கதவைப் பூட்டு". கடினமான வேலைக்கு நண்பன் ஒருவனை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்வேன். அவன் தன் வேலையைப் பார்ப்பான், நான் என் வேலையைப் பார்ப்பேன், பேசமாட்டோம். ஒருவர் கூட இருப்பதே தொடங்க வைக்கும்.

குளிசையும் எடுக்கிறேன். அது தொடங்குவதை இலகுவாக்கும், எதைத் தொடங்குவது என்பதை நான்தான் முன்பே முடிவு செய்துவைக்கவேண்டும். குளிசை குடித்துவிட்டு யூடியூப்பைத் திறந்தால் கவனம் அதிலேயே ஊன்றிவிடும்.

கோபத்தையும் சொல்லவேண்டும். சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். எனக்கு இறங்கிவிடும், எதிரில் இருப்பவருக்கு இறங்காது. மனைவியோடு சேர்ந்து ஓர் உளவளத்துணையாளரிடம் போனது குளிசைக்குச் சமமாக உதவியது.

பம்பலப்பிட்டி_மாமா

தம்பி எழுதியதை வாசித்தேன். என் கூடப்பிறந்த அண்ணர் ஒருவர் இப்படித்தான் இருந்தார். நல்ல மூளை, எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. அப்பாவின் கையால் அவர் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அடி அவரைத் திருத்தவும் இல்லை. பிள்ளைக்கு மருந்து என்பது எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, ஆனால் அடி பற்றி நான் எழுதியதை விட்டுவிடுங்கள். ஒரு கேள்வி: வளர வளரக் குறையுமா?

உளவளத்துணை_பொரளை

மாமா, நல்ல கேள்வி. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் 2007 ஆய்வில் பிள்ளைகளின் மூளைப் புறணி (மூளையின் மேற்படை) தடிப்பாகி உச்சத்துக்கு வரும் வயதைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளில் அந்த வயது ஏறத்தாழ 7.5. இவர்களில் 10.5. திட்டமிடும், பொறுத்திருக்கும் பகுதிகளில்தான் தாமதம் அதிகம். பாதை அதேதான், வருவது பிந்தி. அதனால் எட்டு வயதுப் பையனிடம் எட்டு வயதுக்குரிய பொறுமையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வளர வளரத் துள்ளல் குறையும். கவனமும் நேர ஒழுங்கும் பலரில் ஏதோ ஓர் அளவில் தொடரும். உலக அளவில் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர், பெரியவர்களில் 2 அல்லது 3 பேர் என்பது பொதுவான கணிப்பு.

போன் இந்த வருத்தத்தை உண்டாக்குகிறது என்று சொல்லமுடியாது. ஆனால் உடனுக்குடன் பரிசு தரும் பொருள் என்பதால் இந்தப் பிள்ளைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும், நித்திரையையும் தின்னும். இரவில் போன் பிள்ளையின் அறையில் இருக்கக்கூடாது. அந்த அளவில் அம்மாவின் கணவர் சொன்னது சரி. ஓட்டமும் உதவும். பின்னேரம் மரைன் டிரைவில் ஒரு நடை, சனிக்கிழமை காலிமுகத்திடல், எது முடிகிறதோ அது.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்

நான் கோபமாகவே சொல்லப்போகும் விஷயம் ஒன்று, ரியூசன். பள்ளிக்கூடம் 7.30 முதல் 1.30 வரை. தன் சக்தி முழுவதையும் கொடுத்து இருக்கையில் இருந்துவிட்டு வரும் பிள்ளையை, மூன்று மணிக்கு இன்னொரு வகுப்பு, ஆறு மணிக்கு இன்னொன்று என்று இழுக்கிறோம். மைக்கில் ஒருவர் பேச, மண்டபம் நிறையப் பிள்ளைகள். இந்தப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. தான் மக்கு என்பதை மட்டும் மனதில் எழுதிக்கொண்டு வரும். தங்கச்சி, முடிந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து குறுகிய நேரம் பார்க்கட்டும். கடந்தகால வினாத்தாளை முழுதாகக் கொடுக்காதீர்கள், ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுக்காத எத்தனையோ பிள்ளைகள் உயர்தரத்தில் பிரகாசித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பரீட்சையில் விசேட தேவை உள்ள பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் கேட்கலாம். வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக விண்ணப்பிக்கவேண்டும். பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஓடினால் நடக்காது, விண்ணப்பம் நிரப்பும்போதே அதிபரிடம் கதையுங்கள்.

மருதானை_வாப்பா

பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போவதென்றால்: உளநலப் பிரிவு அங்கே இருக்கிறது, அரச வைத்தியசாலை என்பதால் இலவசம். பிறந்தபோது கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, தேர்ச்சி அறிக்கைகள், இரண்டு மூன்று கொப்பி, ரீச்சரின் கடிதம் எல்லாம் கொண்டுபோங்கள். நல்ல கொப்பியைத் தேடி எடுக்காதீர்கள், அந்த பஸ் படம் உள்ளதையே கொண்டுபோங்கள். காத்திருக்க நேரமாகும், பிள்ளைக்குச் சாப்பாடும் வரைய ஏதாவதும் வேண்டும். தமிழில் கதைக்க ஆள் எல்லா நாளும் இருக்காது. சிங்களம் சரளமாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது சொல்லவேண்டியதை முன்பே எழுதி வையுங்கள். என் மனைவி எழுதிக்கொண்டு போனது பெரிய உதவி.

தெஹிவளை_ரயில்பயணி

பெரியவர்களுக்கு: கொழும்பு தேசிய வைத்தியசாலை உளநலப் பிரிவு, அல்லது அங்கொடை தேசிய மனநல நிறுவகம். அங்கொடை என்றதும் கூச்சப்படுகிறவர்கள் உண்டு, படவேண்டாம். மனம் மிகவும் தளர்ந்தால் அவர்களின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வெள்ளவத்தை_அம்மா

பிந்தி வருகிறேன். பொரளைக்குப் போய் வந்தோம். எனக்கும் ரீச்சருக்கும் தனித்தனிப் படிவம் தந்தார்கள். கண், காது பார்க்க அனுப்பினார்கள். குளிசை பற்றி அடுத்த கிளினிக்கில்தான் முடிவு, அதுவரை நாள் அட்டை. பையன் அதை வான் கதவைத் திறந்ததும் நீட்டுகிறான். கதவில் மூன்று படம் ஒட்டியிருக்கிறேன்: பை, போத்தல், சப்பாத்து. இரண்டு சப்பாத்தோடும் வானில் ஏறுகிறான், எல்லா நாளும் அல்ல.

இன்னொரு விஷயம். கணவர் இந்த இழையை முழுக்க வாசித்தார். தெஹிவளை அண்ணா எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, தன்னையும் காட்டவேண்டும் என்கிறார். எங்கே தொடங்குவது?

தெஹிவளை_ரயில்பயணி

அண்ணாவுக்கு என் அன்பு. உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு, 18 கேள்வி. அதில் முதல் ஆறும்தான் முக்கியம். அதை நிரப்பி வைத்தியரிடம் கொண்டுபோகட்டும். அது முடிவு அல்ல, கதையைத் தொடங்க உதவும். பழைய தேர்ச்சி அறிக்கை இருந்தால் நல்லது.

வெள்ளவத்தை_அம்மா

அதுதான் இல்லை அண்ணா. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாண வீட்டோடு எல்லாம் போய்விட்டது.

உளவளத்துணை_பொரளை

கடதாசி கட்டாயம் இல்லை. அந்த வயதில் அவரை நன்றாக அறிந்த ஒருவர் நேரில் வந்து சொன்னால் வைத்தியர் ஏற்றுக்கொள்வார். இடப்பெயர்வு நடந்தபோது அவருக்கு என்ன வயது என்பதையும் சொல்லுங்கள். அந்த வயதில் பட்ட பயமும் கவனத்தைக் குழப்பியிருக்கலாம், அதற்கு முன் எப்படி இருந்தார் என்று வைத்தியர் கேட்பார். அதைச் சொல்லக்கூடிய ஆள் உங்கள் மாமிதான். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.